இடைக்கால வேல்ஸ் ஆளுமைகளைப் பற்றித் தமிழில் வாழ்க்கைக் குறிப்பு எழுதும் முறை

கடலூர் தேவனாம்பட்டினத்தில் இடிந்து கிடக்கும் கோட்டைக்குப் புனித டேவிட் கோட்டை என்று பெயர். அந்த டேவிட் ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த துறவி, ஆயர். வேல்ஸ் நாட்டின் காவல் புனிதர். அந்நாட்டார் அவரை டெவி என்பார்கள். அவருடைய நாள் மார்ச் 1. அவர் பெயரை முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லி வரும் ஊர்க்காரர்களுக்கு அவரைப் பற்றியும், அவர் நாட்டு அரசர்கள், புலவர்கள், குருமார்கள் பற்றியும் தமிழில் நம்பிக்கையான குறிப்புகள் வேண்டும். கடலூரிலோ புதுச்சேரியிலோ நூலகச் சுவர்ப் பலகைக்கும் பள்ளி ஆண்டு மலருக்கும் தமிழ் விக்கிப்பீடியாவுக்கும் அப்படிப்பட்ட குறிப்பு எழுத உட்காருகிறவர்களுக்காக இந்த வழிகாட்டி. ஆளுக்கு 250 சொல் அளவில் ஒரு குறிப்பு என்று வைத்துக்கொண்டு பேசுவோம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு விதி. ஒவ்வொருவருக்கும் இரண்டு ஆண்டுகளை எழுதுங்கள்: அவர் வாழ்ந்த ஆண்டு, அவரைப் பற்றிய செய்தி முதன்முதலில் ஏட்டில் ஏறிய ஆண்டு. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம்தான் குறிப்பின் தரத்தைத் தீர்மானிக்கிறது. கடலூர்க்காரர்களுக்கு இதை விளக்க வெளியே போக வேண்டியதில்லை. அப்பர் ஏழாம் நூற்றாண்டு. அவரைக் கல்லில் கட்டிக் கடலில் போட்டதும் அவர் மிதந்து வந்து திருப்பாதிரிப்புலியூரில் கரையேறியதும் நமக்கு விரிவாகக் கிடைப்பது பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சேக்கிழார் வாக்கில். டெவியின் நிலையும் கிட்டத்தட்ட இதேதான். அவர் காலம் ஆறாம் நூற்றாண்டு. அவருடைய வாழ்க்கை வரலாற்றை இலத்தீனில் எழுதிய ரகவார்க் 1099-இல் இறந்தவர். நூல் பதினோராம் நூற்றாண்டின் கடைசியில் எழுந்தது. நடுவே ஐந்நூறு ஆண்டுகள். டெவி பிரசங்கம் செய்தபோது லாண்டெவி ப்ரெவி என்னும் ஊரில் காலடி மண் மேடாக எழுந்தது என்பது ரகவார்க் சொல்லும் செய்தி. குறிப்பில் ‘டெவி நின்ற இடம் மேடானது’ என்று எழுதக்கூடாது. ‘டெவி நின்ற இடம் மேடானதாக ரகவார்க் எழுதுகிறார்’ என்று எழுத வேண்டும். பக்தி குறையாது, வரலாறும் கெடாது.

ரகவார்க் யார் என்பதையும் ஒரு வரியில் சேருங்கள். அவர் தந்தை சிலியென், புனித டேவிட் ஆலயத்தின் ஆயராக இரண்டு முறை இருந்தவர். நார்மன்கள் வேல்ஸுக்குள் புகுந்துகொண்டிருந்த காலம் அது. தங்கள் திருச்சபை பழமையானது, பெருமை வாய்ந்தது என்று நிலைநாட்ட வேண்டிய தேவை அந்தக் குடும்பத்துக்கு இருந்தது. எழுதியவரின் தேவை தெரிந்தால், எழுதியதை எந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று வாசகரே முடிவு செய்துகொள்வார்.

ஆட்களைத் தேர்வது

பன்னிரண்டு பேர் போதும். அரசர்கள் 5, புலவர்கள் 4, குருமார்கள் 3 என்று பிரித்துக்கொள்ளலாம். அரசர்களை மட்டும் அடுக்கினால் பலகை முழுக்கப் போர்ப் பட்டியலாகிவிடும். வேல்ஸ் வரலாற்றில் அரசனும் அவனைப் பாடிய புலவனும் பிரிக்க முடியாதவர்கள்.

அரசர் வரிசைக்கு ஹவெல் தா, கிரிஃபித் அப் கனன் (இறப்பு 1137), ரீஸ் அப் கிரிஃபித் (1197), லவெலின் அப் யோர்வெர்த் (1240), லவெலின் அப் கிரிஃபித் (1282) என்று எடுக்கலாம். ஆறாவதாக ஒவைன் கிளின்டூர் கட்டாயம் கேட்பார்கள். அவரைப் பற்றிப் பின்னால் தனியாக வருகிறது. புலவர்களில் பன்னிரண்டாம் நூற்றாண்டின் கன்தெலு, 1282-க்குப் பின் கையறுநிலை பாடிய கிரிஃபித் அப் அர் அனட் கோக், பதினான்காம் நூற்றாண்டின் டாவித் அப் குவிலிம், பதினைந்தாம் நூற்றாண்டுப் பெண் புலவர் குவெர்வில் மெஹைன். குருமார்களில் டெவி, ஆல்ஃபிரட் அரசரின் வரலாற்றை 893-இல் எழுதிய ஆசர், பன்னிரண்டாம் நூற்றாண்டில் வேல்ஸ் பயண நூல் எழுதிய ஜெரால்ட். பெண்களில் குவெர்வில் தவிர இன்னொருவரையாவது சேருங்கள். 1136-இல் கிட்வெலி அருகே நார்மன்களோடு போரிட்டு மாண்ட குவென்லியன் நல்ல தேர்வு. அவர் படை நடத்தியதை எழுதி வைத்தவர் ஜெரால்ட், தம் பயண நூலில், 1191 வாக்கில். ஆக அவருடைய இரண்டு ஆண்டுகள் 1136, 1191. இடைவெளி ஏறக்குறைய 55 ஆண்டு. டெவியோடு ஒப்பிட்டால் இது பக்கத்துச் சாட்சி.

டாலியெசின், அனைரின் இருவரையும் ‘வேல்ஸ் புலவர்கள்’ என்று போட்டுவிடுவது வழக்கமான தவறு. அவர்கள் பாடியது வேல்ஸ் நாட்டு மொழியான வெல்ஷின் முன்னோடி மொழியில்தான். ஆனால் அவர்கள் பாடிய போர்களும் அரசர்களும் பெரும்பாலும் இன்றைய வட இங்கிலாந்து, தென் ஸ்காட்லாந்துப் பகுதிகளைச் சேர்ந்தவர்கள். பாடல்கள் கிடைக்கும் ஏடுகளோ பதின்மூன்று, பதினான்காம் நூற்றாண்டுக்குரியவை. சேர்க்க வேண்டுமானால் இந்த இரண்டையும் சொல்லிவிட்டுச் சேருங்கள்.

பெயர்

அதிகம் பிழை நேரும் இடம் இதுதான். வெல்ஷ் பெயரை ஆங்கில உச்சரிப்பு வழியாகத் தமிழாக்கினால் ஒரே ஆளுக்கு நான்கு எழுத்துக்கூட்டு வந்துவிடும். சில விதிகளைப் பிடித்துக்கொண்டால் சிக்கல் தீரும். இரட்டை டி வந்தால், ‘அது’ என்னும்போது வரும் மெல்லிய த. ஒற்றை எஃப் என்பது வ; இரட்டை எஃப்தான் ஃப். டபிள்யூ மெய்யெழுத்துகளுக்கு நடுவே தனியாக நின்றால் அது உயிரெழுத்து, உ அல்லது ஊ. யூ என்ற எழுத்து பெரும்பாலும் இ. ஒய் கடைசி அசையில் இ, முன்னால் உள்ள அசைகளில் அ. அதனால்தான் கிரிஃபித், டாவித், லவெலின். சொல் முதலில் வரும் இரட்டை எல் தமிழில் இல்லாத ஒலி. நாக்கை ல-வுக்கு வைத்துக் காற்றை மட்டும் பக்கவாட்டில் விட வேண்டும். எழுத்தில் ல போதும்; ‘ஃப்ல’, ‘த்ல’ என்றெல்லாம் எழுதினால் படிப்பவர் தடுமாறுவார்.

‘அப்’ என்றால் மகன், ‘வெர்க்’ என்றால் மகள். நம் தலைப்பெழுத்தைப் போல அதுவும் தந்தை பெயரைத்தான் சுமக்கிறது. அது குடும்பப் பெயர் அன்று. ஆகையால் ‘யோர்வெர்த் 1240-இல் இறந்தார்’ என்று இரண்டாவது முறை சுருக்கி எழுதினால் மகனுக்குப் பதில் அப்பனைச் சாகடித்ததாகிவிடும். சுருக்க வேண்டுமானால் முதற்பெயரைத்தான் வைக்க வேண்டும்: லவெலின், ரீஸ், ஒவைன். பொருளடக்கத்தை அகரவரிசையில் அடுக்கும்போதும் முதற்பெயரைக் கொண்டே அடுக்குங்கள்.

தந்தை பெயரும் சில சமயம் போதாது. கிரிஃபித் அப் லவெலின் என்று இரண்டு பேர். ஒருவர் வேல்ஸ் முழுவதையும் தன் ஆட்சிக்குள் கொண்டுவந்து 1063-இல் கொல்லப்பட்ட அரசர். இன்னொருவர் 1244-இல் லண்டன் கோபுரத்திலிருந்து விழுந்து இறந்தவர். லவெலின்களும் அப்படியே குழப்புவார்கள். 1240-இல் இறந்தவரின் பேரன்தான் 1282-இல் இறந்தவர். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் நம் பக்கத்து வழக்கம் தெரிந்தவர்களுக்கு இது புதிதில்லை. தீர்வு எளிது: பெயர் முதன்முதலில் வரும் இடத்தில் இறந்த ஆண்டை அடைப்புக்குள் கட்டாயம் போடுங்கள். பிறந்த ஆண்டு பெரும்பாலும் உத்தேசம். இறந்த ஆண்டுதான் நாளாகமங்களில், அதாவது நிகழ்ச்சிகளை ஆண்டு வரிசையில் எழுதி வைத்த ஏடுகளில், பதிவானது.

பட்டங்களை மொழிபெயர்க்கும்போது ஓர் எச்சரிக்கை. ஆங்கிலத்தில் ‘பிரின்ஸ்’ என்று இருப்பதைப் பார்த்து ‘இளவரசர் லவெலின்’ என்று எழுதிவிடுகிறார்கள். தமிழ் வாசகர் அவரை யாரோ ஓர் அரசரின் மகன், இன்னும் பட்டத்துக்கு வராதவர் என்று புரிந்துகொள்வார். லவெலின் ஆண்டவர். ‘கோன்’ என்றோ, ஒரு பகுதியை மட்டும் ஆண்டவரைக் ‘குறுநில மன்னர்’ என்றோ எழுதலாம். பகுதிகளின் பெயரையும் கூடவே தாருங்கள்: வடமேற்கில் குவினெத், கிழக்கில் பொவிஸ், தென்மேற்கில் டெஹைபார்த், தென்கிழக்கில் மோர்கன்னுக். பலகையில் இந்த நான்கும் உள்ள ஒரு சிறு வரைபடம் இருந்தால் பாதி விளக்கம் மிச்சம்.

அட்டை

எழுதத் தொடங்கும் முன் ஆளுக்கு ஓர் அட்டை போடுங்கள். அதில் ஏழு வரி: தமிழ்ப் பெயர்; வெல்ஷ் எழுத்துக்கூட்டு; தந்தை, தாய்; ஆண்ட அல்லது வாழ்ந்த பகுதி; இறந்த ஆண்டு; முதல் சாட்சி யார், எந்த ஆண்டு; அந்தச் சாட்சி எந்தப் பக்கத்து ஆள். கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். ஒருவரை ஆங்கில நாளாகமம் ‘கலகக்காரர்’ என்னும், வெல்ஷ் நாளாகமம் ‘கோன்’ என்னும்.

தேடும்போது ஒருவரை மூன்று பெயர்களில் தேட வேண்டியிருக்கும். ஜெரால்டையே எடுத்துக்கொண்டால் வெல்ஷில் கெரால்ட் கம்ரோ, இலத்தீனில் கிரால்டஸ் காம்ப்ரென்சிஸ், குடும்பப் பெயரோடு ஜெரால்ட் த பாரி. மூன்றையும் அட்டையில் வைக்காவிட்டால் ஒரே ஆளை மூவராக்கிவிடுவீர்கள்.

எங்கே தேடுவது

அபெரிஸ்ட்வித் நகரில் உள்ள வேல்ஸ் தேசிய நூலகம் பல பழைய ஏடுகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. வேல்ஸ் வாழ்க்கை வரலாற்று அகராதியும் இணையத்தில் இலவசம். ஆங்கிலம், வெல்ஷ் இரண்டிலும் இருக்கிறது. முதல் அட்டைக்கு அந்த அகராதி போதும். பழைய கட்டுரைகள் பல அதில் அப்படியே இருப்பதால் கட்டுரை எழுதப்பட்ட ஆண்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அரசியல் நிகழ்வுகளுக்கு அடிப்படை, கோமக்கள் நாளாகமம். இலத்தீன் மூலம் தொலைந்துவிட்டது. அதன் வெல்ஷ் மொழிபெயர்ப்புகள்தான் கைக்கு வந்துள்ளன. 682 முதல் நிகழ்ச்சிகளைச் சொல்லிக்கொண்டு போகும். பிரதிக்குப் பிரதி சில இடங்களில் ஆண்டு மாறும். அதைவிடப் பழைய காம்ப்ரியா (வேல்ஸின் இலத்தீன் பெயர்) ஆண்டேட்டில் சிக்கல் வேறு மாதிரி. ஒவ்வோர் ஆண்டுக்கும் ‘ஆண்டு’ என்று மட்டும் குறியிட்டு, பத்தாவதில் மட்டும் எண் போட்டிருக்கிறார்கள். எழுத்தர் ஒரு குறியைத் தவறவிட்டால் அதற்குப் பின் வரும் எல்லாமே ஓராண்டு நகர்ந்துவிடும். ஹவெல் தா இறந்தது சில நூல்களில் 949 என்றும் சிலவற்றில் 950 என்றும் இருப்பதைப் பார்த்தால் பதறாதீர்கள். ஒன்றைத் தேர்ந்து எல்லா இடத்திலும் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆண்டுக் கணக்கில் இன்னொரு பொறி உண்டு. அக்காலத்தில் இங்கிலாந்தில் பரவலாகப் புத்தாண்டு மார்ச் 25-இல் தொடங்கியது. அதனால் ஜனவரி முதல் மார்ச் 24 வரை நடந்தவை பழைய கணக்கில் முந்தைய ஆண்டில் விழும். லவெலின் அப் யோர்வெர்த்தின் மகன் டாவித் 25 பிப்ரவரி 1246-இல் இறந்தார். பழைய கணக்கில் அது 1245. கல்வெட்டின் ஆட்சியாண்டையும் சக ஆண்டையும் கி.பி.யாக மாற்றிப் பழகியவர்களுக்கு இது சிரமமே இல்லை. புதிதாகச் செய்பவர்கள் இந்த மூன்று மாதங்களில் வரும் தேதிகளை மட்டும் இரண்டாம் முறை சரிபார்த்தால் போதும்.

ஹவெல் தா பற்றி எழுதும்போது இரண்டு ஆண்டு விதி மிகவும் உதவும். அவர் 928-இல் ரோமாபுரிக்குப் போனார் என்பது ஆண்டேட்டுச் செய்தி. அவர் பெயர் பொறித்த ஒரு வெள்ளிக் காசு இருக்கிறது. வேல்ஸ் சட்டத் தொகுப்பை அவர்தான் உருவாக்கினார் என்பது சட்ட ஏடுகளின் முன்னுரை சொல்வது. அந்த ஏடுகளில் பழமையானவை பதின்மூன்றாம் நூற்றாண்டுக்குரியவை. ‘சட்டம் தந்த ஹவெல்’ என்று தலைப்பிடலாம், தவறில்லை. உள்ளே இந்த முந்நூறு ஆண்டு இடைவெளியைச் சொல்லிவிட வேண்டும்.

ஜெரால்ட் தனி வகை. தன்னைப் பற்றித் தானே நிறைய எழுதிய ஆள். 1188-இல் கேன்டர்பரி பேராயர் பால்ட்வினோடு வேல்ஸைச் சுற்றிச் சிலுவைப் போருக்கு ஆள் திரட்டினார். ஏறக்குறைய மூவாயிரம் பேர் சேர்ந்ததாக எழுதுகிறார். ஹேவர்ஃபோர்ட்வெஸ்டில் தாம் இலத்தீனிலும் பிரெஞ்சிலும் பேசியது புரியாதவர்களும் கண்ணீர் விட்டார்கள் என்றும் எழுதுகிறார். இவற்றையெல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள், சுவையானவை. ‘என்று அவரே எழுதுகிறார்’ என்ற சொற்களோடு எடுத்துக்கொள்ளுங்கள். புனித டேவிட் ஆயர் பதவிக்காக 1199 முதல் 1203 வரை போராடித் தோற்றவர் என்பதைச் சேர்த்தால் அவர் பேச்சில் உள்ள வேகத்துக்குக் காரணம் விளங்கும்.

ஒரு குறிப்பு, முழுதாக

விதிகளைப் படிப்பதைவிட ஒரு குறிப்பைப் பார்ப்பது உதவும். மேலே சொன்ன இரண்டாம் கிரிஃபித்துக்கு எழுதியது இது:

‘கிரிஃபித் அப் லவெலின் (இறப்பு 1 மார்ச் 1244), குவினெத்தை ஆண்ட லவெலின் அப் யோர்வெர்த்தின் மூத்த மகன். தாய் டாங்குவிஸ்டில். திருச்சபை முறைப்படி நடந்த திருமணத்தில் பிறந்தவர் அல்லர். வேல்ஸ் சட்டத்தில் தந்தை ஏற்றுக்கொண்ட மகனுக்குப் பங்கு உண்டு. சிறுவயதில் இங்கிலாந்து அரசர் ஜானிடம் பிணையாளாக இருந்தார். 1215-ஆம் ஆண்டின் மாக்னா கார்ட்டா லவெலின் மகனைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்கிறது. ஜான் அரசரின் மகள் ஜோனை மணந்த லவெலின், அவர் வழியில் பிறந்த டாவித்தையே வாரிசாக்க முனைந்தார். 1222-இல் போப்பாண்டவரின் ஒப்புதலும் பெற்றார். கிரிஃபித்தைத் தந்தையே 1228 முதல் 1234 வரை சிறையில் வைத்தார். தந்தை இறந்தபின் தம்பி டாவித் அவரை அடைத்தார். 1241-இல் கிரிஃபித்தின் மனைவி செனானா, கணவரை விடுவிக்க 600 மார்க் தருவதாக மூன்றாம் ஹென்றியோடு ஒப்பந்தம் செய்தார். ஹென்றி அவரைத் தம்பியிடமிருந்து மீட்டு, லண்டன் கோபுரத்தில் வைத்துக்கொண்டார். 1244-இல் புனித டேவிட் திருநாளன்று துணிகளை முறுக்கிக் கயிறாக்கி இறங்கும்போது கயிறு அறுந்து விழுந்து இறந்தார். அவர் கனத்த உடம்புக்காரர் என்று அதே காலத்தில் வாழ்ந்த புனித ஆல்பன்ஸ் மடத்துத் துறவி மத்தேயு பாரிஸ் எழுதி, விழும் காட்சியைத் தன் ஏட்டின் ஓரத்தில் வரைந்தும் வைத்தார். 1248-இல் உடல் வேல்ஸுக்குக் கொண்டுவரப்பட்டு அபெர்கோன்வி மடத்தில் அடக்கமானது. அவர் மகன்களில் ஒருவர்தான் பின்னாளில் வேல்ஸின் கோனான லவெலின் (இறப்பு 1282).’

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். மகனைச் சிறையில் போட்ட தந்தையைக் ‘கொடியவர்’ என்று எங்கும் சொல்லவில்லை. வேல்ஸ் வழக்கில் நிலம் மகன்களுக்குள் பிரியும். அதனால் ஒவ்வொரு சாவுக்குப் பின்னும் பங்காளிச் சண்டை. இந்த ஒரு வரி இல்லாமல் வேல்ஸ் அரசர் யாரைப் பற்றி எழுதினாலும் அது துரோகக் கதைபோலத்தான் படும். 1170-இல் ஒவைன் குவினெத் இறந்தவுடன் அவர் மகனும் நல்ல புலவருமான ஹவெல், மாற்றாந்தாய் மக்களோடு மோதி மோனா தீவில் பென்ட்ரைத் என்னும் இடத்தில் கொல்லப்பட்டார். அவருடைய 8 பாடல்கள் எஞ்சியுள்ளன.

பணத் தொகை வரும்போது மாற்றிக் காட்டுங்கள். மார்க் என்பது நாணயம் அன்று, கணக்கு அளவு. ஒரு பவுண்டில் மூன்றில் இரண்டு பங்கு. 1267 மாண்ட்கோமரி உடன்படிக்கையில் வேல்ஸின் கோன் என்ற பட்டத்துக்கும் பிற குறுநில மன்னர்களின் பணிவுக்கும் லவெலின் ஒப்புக்கொண்டது 25,000 மார்க், அதாவது 16,666 பவுண்டுக்கு மேல். ஆண்டுக்கு 3,000 மார்க் தவணை. இந்தச் சுமையைச் சொல்லாமல் 1277-இல் அவர் வீழ்ச்சி தொடங்கியதை விளக்க முடியாது.

புலவர்களை எழுதும்போது

புலவருக்கு ஆங்கில நூல்கள் சொல்லும் ‘பார்ட்’ என்ற சொல்லைப் போட்டுவிட்டு நகராதீர்கள். வேல்ஸ் அரசவைப் புலவர் செய்தது நமக்கு நன்றாகத் தெரிந்த வேலை: உயிரோடு இருக்கும்போது பாடாண், இறந்தபின் கையறுநிலை. அந்தச் சொற்களையே பயன்படுத்துங்கள். கிரிஃபித் அப் அர் அனட் கோக் 1282-இல் கொல்லப்பட்ட லவெலினுக்குப் பாடியது முழுக்க ஒரே இயைபில் ஓடும். காற்றும் மழையும் போகும் போக்கைக் காணீரோ, கருவாலி மரங்கள் ஒன்றோடொன்று மோதுவதைக் காணீரோ என்று கேட்டுக்கொண்டே போய், கடல் நிலத்தை விழுங்குவது வரை அழுகை ஏறும். இரண்டு மூன்று வரியை மொழிபெயர்த்துப் போட்டால் பலகையின் முன் ஆள் நிற்பார். உரைநடையாகவே பெயர்த்துவிடுங்கள், மரபுக் கவிதையாக்க முயன்றால் பொருள் பறந்துவிடும்.

டாவித் அப் குவிலிம் பாடிய ‘கவித்’ என்னும் வடிவம் ஏழசை அடிகள் இரண்டிரண்டாக வருவது. அடிக்குள் மெய்யொலிகள் திரும்ப ஒலிக்கும் கட்டுக்குக் ‘கங்ஹனெத்’ என்று பெயர். மோனை, எதுகை தெரிந்த வாசகருக்கு ஒரு வரி விளக்கம் போதும்.

பாடலும் சாட்சிதான் என்பதை மறக்க வேண்டாம். அரசவைப் பாடல்களின் பெருந்தொகுப்பான ஹென்ட்ரெகாட்ரெத் ஏடு 1300-ஐ ஒட்டித் தொடங்கப்பட்டது. கடைசிக் கோன் மாண்டு இருபது ஆண்டுக்குள். அதிலுள்ள கடைசிப் பாடல்களைப்போல, பாட்டு எழுந்த காலமும் ஏட்டில் ஏறிய காலமும் இவ்வளவு நெருங்கி வருவது அரிது.

பின்னாளில் ஒட்டிய கதைகள்

இவற்றை அறவே விலக்குங்கள், அல்லது ‘பிற்காலக் கதை’ என்று பெயரிட்டுத் தனிப் பெட்டியில் போடுங்கள். லவெலின் தன் நாய் கெலெர்ட்டைத் தவறாகக் கொன்ற கதை, பெத்கெலெர்ட் என்னும் ஊரில் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் வேர்பிடித்தது. கீரியைக் கொன்ற பெண்ணின் கதையை அறிந்த நமக்கு அதன் அச்சு உடனே தெரியும். ஒவைன் குவினெத்தின் மகன் மடோக் அமெரிக்கா சென்றான் என்பதற்கு அக்காலச் சாட்சி கிடையாது. இங்கிலாந்து அரசன் முதலாம் எட்வர்ட் புலவர்களைக் கூட்டமாகக் கொன்றான் என்பதும் அப்படித்தான். தன் கைக்குழந்தையைத் தூக்கிக் காட்டி ‘இதோ உங்கள் கோன்’ என்று அவன் சொன்ன கதையும் அதே ரகம். அந்தக் குழந்தை 1284-இல் பிறந்தது உண்மை, பட்டம் பெற்றது 1301-இல்.

இவற்றைவிட ஆபத்தானவர் யோலோ மோர்கனுக் (1747–1826). நல்ல அறிஞர், தானே எழுதியவற்றைப் பழம்பாடல் என்று நம்ப வைத்தவரும் அவரே. டாவித் அப் குவிலிம் பாடல்களின் 1789 பதிப்பின் பின்னிணைப்பில் அவர் புனைந்தவை உள்ளன. பழைய மொழிபெயர்ப்புத் தொகுப்பிலிருந்து ஒரு பாடலை எடுத்தால், அது இக்காலப் பதிப்பில் இருக்கிறதா என்று பார்க்காமல் பலகையில் ஏற்றாதீர்கள். மான்மத்தின் ஜெஃப்ரி எழுதிய, கற்பனை மிகுந்த அரசர் வரலாற்றிலிருந்தும் ஆட்களை எடுக்க வேண்டாம். ஜெஃப்ரியை ஓர் ஆளாக எடுக்கலாம். 1150-களில் இறந்த குரு, ஐரோப்பா முழுதும் படிக்கப்பட்ட ஆசிரியர்.

பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கு

புதுச்சேரியில் பிரெஞ்சு படிப்பவர்கள் இருப்பது இந்த வேலைக்குப் பெரிய பலம். ஒவைன் கிளின்டூர் 16 செப்டம்பர் 1400-இல் இங்கிலாந்து அரசருக்கு எதிராக எழுந்தார், 1404-இல் மகன்லெத்தில் அவை கூட்டினார், அதே ஆண்டு பிரான்சோடு உடன்படிக்கை செய்தார். 1406 மார்ச் கடைசியில் பென்னலிலிருந்து பிரெஞ்சு அரசர் ஆறாம் சார்லசுக்கு அவர் அனுப்பிய இலத்தீன் கடிதம் இன்றும் பாரிஸ் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. வடக்கில் ஒன்று தெற்கில் ஒன்று என்று இரண்டு பல்கலைக்கழகம் வேண்டும், புனித டேவிட் ஆலயம் வேல்ஸின் தலைமைப் பேராலயமாக வேண்டும் என்பவை அதில் உள்ள வேண்டுகோள்கள். கிளின்டூரை வெறும் கிளர்ச்சிக்காரராகக் காட்டும் குறிப்புகள் இந்தக் கடிதத்தைத்தான் விட்டுவிடுகின்றன. அது அவருடைய அரசியல் திட்டம். குறிப்பில் குறைந்தது 60 சொல் அதற்கு ஒதுக்குங்கள்.

அவருக்கு முந்தியவர் ஒவைன் லாவ்கோக், கடைசி லவெலினின் தம்பி ரோட்ரியின் பேரன். பிரெஞ்சுப் படையில் தளபதி. பிரெஞ்சு நூல்களில் ‘இவேன் த கால்’ என்று தேடினால்தான் கிடைப்பார். ஃப்ரவாசார் நாளாகமத்தில் விரிவாக வருகிறார், அதன் பழைய பதிப்புகள் பிரெஞ்சு தேசிய நூலகத்தின் காலிக்கா தளத்தில் இலவசம். 1372-இல் பாரிஸில் வேல்ஸ் தனக்குரியது என்று அறிவித்தார். 1378-இல் மோர்தாஞ் முற்றுகையின்போது ஜான் லாம் என்பவன் அவரைக் குத்திக் கொன்றான். இங்கே இரண்டு சாட்சிகளை எதிரெதிரே வைக்கலாம்: கொலையை விவரிக்கும் பிரெஞ்சு நாளாகமம், கொலையாளிக்கு 20 பவுண்டு கொடுத்ததைப் பதிந்த இங்கிலாந்துக் கருவூலக் கணக்கு. இவ்வளவு சுத்தமாகச் சாட்சி அமையும் ஆள் இடைக்கால வேல்ஸில் அதிகம் இல்லை. புதுச்சேரிப் பலகையில் இவரைத் தவறவிடக்கூடாது.

கடலூர்ப் பலகைக்குக் கோட்டைப் பெயரைச் சேர்க்கும்போதும் அதே இரண்டு ஆண்டு ஒழுங்கைக் கடைப்பிடியுங்கள். 1690-இல் மராட்டியரிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி கோட்டையை வாங்கியது. பீரங்கிக் குண்டு போய் விழுந்த எல்லைவரை உள்ள ஊர்களும் சேர்ந்து வந்தன, குண்டு கிராமங்கள் என்ற பெயர் அப்படித்தான். அப்போது சென்னையில் ஆளுநர் எலிஹு யேல், வேல்ஸ் பூர்வீகக் குடும்பத்தவர். மூதாதையர் நாட்டுப் புனிதர் பெயரை வைத்தார் என்பது ஒரு விளக்கம். சிறுவயதிலேயே இறந்த தன் மகன் டேவிட் நினைவாக வைத்தார் என்பது இன்னொன்று. இரண்டையும் விளக்கம் என்றே எழுதுங்கள். வாங்கிய ஆண்டும் விற்றவரும் மட்டும் உறுதிச் செய்தியாக நிற்கட்டும்.

படமும் அச்சும்

இந்தப் பன்னிரண்டு பேரில் பெரும்பாலோருக்கு நேரில் பார்த்து வரைந்த உருவப்படம் கிடையாது. இணையத்தில் வரும் சிலைகளும் ஓவியங்களும் பத்தொன்பது, இருபதாம் நூற்றாண்டுக் கற்பனைகள். கோன்வியில் உள்ள லவெலின் சிலை 1898, கார்டிஃப் நகர மண்டபச் சலவைக்கல் சிலைகள் 1916. போட்டால் படத்தின் கீழே ஆண்டைப் போடுங்கள். அதைவிட நல்லது, ஏட்டுப் பக்கத்தின் படம், மத்தேயு பாரிஸ் வரைந்த கோபுரக் காட்சி, அரியணையில் அமர்ந்த கிளின்டூரின் முத்திரை. பயன்படுத்தும் முன் அந்தந்த நூலகத்தின் உரிம வரியைப் படித்து, அது கேட்கும் வாசகத்தை அப்படியே சேருங்கள்.

பலகை ஏ3 தாளில் என்றால் 250 சொல்லுக்கு 18 புள்ளி எழுத்து சரியாக அமையும்; 300-ஐத் தாண்டினால் எழுத்து சிறுத்து, பெரியவர்கள் படிக்காமல் கடந்துவிடுவார்கள். ஃ எழுத்தும் அடைப்புக்குறிக்குள் உள்ள ஆண்டும் சில எழுத்துருக்களில் வரி முடிவில் உடைந்து விழும். கிரிஃபித் என்பது ‘கிரி’ ஒரு வரி, ‘ஃபித்’ அடுத்த வரி என்று போகாமல் இருக்கிறதா என்று அச்சுக்கு முன் ஒரு தாள் எடுத்துப் பாருங்கள். பிறகு அட்டையை ஒருவர் கையில் கொடுத்துவிட்டு, பலகையை இன்னொருவர் உரக்கப் படிக்கட்டும். பெயரிலும் ஆண்டிலும் உள்ள பிழைகள் கண்ணுக்குத் தப்பினாலும் காதுக்குத் தப்பாது.